‘ரேம் ஏத்திக்கலாமா, அண்ணா?’

ஒவ்வொரு வருஷமும் அட்மிஷன் முடிந்து முதலாமாண்டு மாணவர்கள் விடுதிக்குள் காலடி வைத்த ஒரு வாரத்துக்குள் இந்தக் கேள்வி வந்துவிடும். மெஸ் சாப்பாடு எப்படி, வார்டன் எப்படி என்பதெல்லாம் அப்புறம்தான். “அண்ணா, லேப்டாப் வாங்கணும். எதை வாங்கலாம்?” உடனே சீனியர்கள் எல்லோரும் ஒரே குரலில் சொல்லும் பதில் ஒன்று உண்டு. “எந்தக் கம்பெனியா இருந்தாலும் சரி, பின்னாடி ரேம் ஏத்திக்கலாமா, எஸ்.எஸ்.டி. மாத்திக்கலாமானு மட்டும் பாத்து வாங்கு.” அடியேனும் இரண்டு வருஷம் இதே மந்திரத்தை ஓதியவன்தான். இந்த வருஷம் அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. ஏன் என்று சொல்லத்தான் மலர்க் குழுவிடம் நான்கு பக்கம் கேட்டு வாங்கியிருக்கிறேன்.

முதலில் என் சொந்தக் கதை. என் லேப்டாப்பின் விலை 34,000 ரூபாய். அம்மா மகளிர் சுய உதவிக் குழுவில் கடன் எடுத்து 24 மாதத் தவணையில் கட்டிய பணம். கடையில் இரண்டு மாடல் காட்டினார்கள். ஒன்றில் 8 ஜி.பி. ரேம், அவ்வளவுதான், வேறு வழியில்லை. இன்னொன்றில் அதே 8 ஜி.பி. போர்டிலேயே சால்டர் செய்திருந்தது. கூடவே ஒரு ஸ்லாட் காலியாக இருந்தது. நான்தான் விவரம் தெரிந்தவனாயிற்றே! “நாளைக்கு இன்னொரு 8 ஜி.பி. போட்டா 16 ஆயிடும்மா” என்று அம்மாவிடம் சொல்லி, அந்தக் காலி ஸ்லாட்டுக்காகவே 2,500 ரூபாய் கூடக் கொடுத்து வாங்கினேன்.

அந்த ஸ்லாட் இன்றைக்கும் காலியாகத்தான் இருக்கிறது. ஆட்டோகேட், ப்ரோட்டியஸ், சி புரோகிராம், நோட்ஸ், கொஞ்சம் சினிமா. நம் வேலைக்கு 8 ஜி.பி. எப்படியோ போதுமாகிவிட்டது. ஆனால் 19ஆம் மாதத்தில் சார்ஜர் செருகும் டைப்-சி ஜாக் ஆட ஆரம்பித்தது. முதலில் கொஞ்சம் சாய்த்து வைத்தால் சார்ஜ் ஏறும். பிறகு அடியில் நோட்டுப் புத்தகம் முட்டுக் கொடுத்தால் ஏறும். பிறகு எது கொடுத்தாலும் ஏறவில்லை. கம்பெனி சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கவுண்டரில் இருந்தவர் திறந்து பார்த்துவிட்டு, “ஜாக் மதர்போர்டோட சேந்தது தம்பி. தனியா மாத்த மாட்டோம். போர்டே மாத்தணும். 17,800 ஆகும்” என்றார். வாரண்டி ஒரு வருஷத்தோடு முடிந்திருந்தது. அம்மாவின் தவணையோ இன்னும் ஐந்து மாதம் பாக்கி. கடன் தீராத ஒரு பொருளுக்கு, அதன் விலையில் பாதிக்கு மேல் மறுபடியும் கேட்கிறார்கள்! வீட்டுக்குப் போன் செய்ய மனசு வராமல் அந்தக் கவுண்டர் முன்னால் நான் நின்ற அரை மணி நேரத்தில்தான் இந்தக் கட்டுரையின் முதல் வரி மனசில் விழுந்தது.

கடைசியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மொபைல் ரிப்பேர் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் மைக்ராஸ்கோப்பும் ஹாட் ஏர் கன்னும் வைத்துப் பழைய ஜாக்கை எடுத்துவிட்டுப் புது ஜாக்கை வைத்துக் கொடுத்தார். 1,400 ரூபாய். இன்றைக்கும் ஓடுகிறது. இதே கட்டுரையை அதில்தான் அடித்தேன்.

சரி, விஷயத்துக்கு வருவோம். நாம் கேட்கும் ஒரே கேள்விக்குள் இரண்டு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று, ‘இருப்பதை விட நல்லதாக மாற்ற முடியுமா?’ இன்னொன்று, ‘கெட்டுப்போனதை மாற்ற முடியுமா?’ முதலாவது அப்கிரேடு. இரண்டாவது ரிப்பேர். கடைக்காரரும், விளம்பரமும், நாமும் பேசுவதெல்லாம் முதலாவதைப் பற்றி. நம் பணத்தைத் தின்பதோ இரண்டாவது.

எந்தெந்தப் பாகம் தேயும் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மின்விசிறி தேயும், அது சுழல்கிற பொருள், தூசியும் சேரும். கீபோர்டு தேயும். கீல் தேயும். ஜாக் தேயும், ஒரு நாளைக்கு நாலு தடவை செருகி எடுக்கிறோமே! எல்லாவற்றையும் விட நிச்சயமாகத் தேய்வது பேட்டரி. லித்தியம் அயான் பேட்டரி சாதாரணமாக 300 முதல் 500 சார்ஜ் சுற்றுகளில் தன் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கை இழந்துவிடும். இன்னும் நன்றாகச் செய்தவை 1,000 சுற்று தாங்கும் என்கிறார்கள். இது யாருடைய குற்றமும் இல்லை, அதன் வேதியியலே அப்படி. உள்ளே மின்முனையின் மேல் ஒரு படலம் வளர்ந்துகொண்டே போய், லித்தியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக முடக்கிவிடுகிறது. சூடு அதை வேகப்படுத்தும். நம் விடுதி அறையின் மே மாதச் சூட்டைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. தலையணை மேல் வைத்து ராத்திரி முழுக்கச் சார்ஜ் போட்டுத் தூங்குகிறவர்கள் கொஞ்சம் கவனிக்கவும்.

இதற்கு நேர் எதிர் ரேம். அதில் அசைகிற பாகமே கிடையாது. ஆரம்பத்தில் குறையில்லாமல் இருந்தால் பெரும்பாலும் மற்ற பாகங்கள் போன பிறகும் அது உயிரோடு இருக்கும். பிராசஸரும் அப்படியே. ஆக, கெடவே கெடாத பாகத்தை மாற்ற முடியுமா என்று விசாரித்துவிட்டு, கெட்டே தீரும் பாகத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் பணத்தைக் கட்டிவிட்டு வருகிறோம்!

‘அப்படியானால் சீனியர்கள் எல்லாம் முட்டாள்களா?’ இல்லை. அவர்கள் சொன்னது அவர்கள் காலத்துக்கு நூற்றுக்கு நூறு சரி. பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன் வந்த லேப்டாப்புகளில் சுழலும் ஹார்ட் டிஸ்க்தான் இருந்தது. அதைக் கழற்றிவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டால், ஆன் ஆக மூன்று நிமிஷம் எடுத்த மிஷின் இருபது விநாடியில் எழுந்து உட்காரும். 2 ஜி.பி. ரேமை 4 ஆக்கினால் புது மிஷின் மாதிரி. 2011இல் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியபோது எங்கள் தெரு அக்கா ஒருவருக்குக் கிடைத்த லேப்டாப், எஸ்.எஸ்.டி.யும் லினக்ஸும் போட்டு, அவருடைய பையன் எழுத்துப் பழகும் அளவுக்கு நீண்ட நாள் உழைத்தது. ஆனால் அந்தப் பெரிய தாவல் ஒரே ஒரு முறை நடந்து முடிந்துவிட்டது. இப்போது கடையில் இருக்கும் மிஷின் எல்லாமே எஸ்.எஸ்.டி.யோடுதான் வருகிறது. எஸ்.எஸ்.டி.யிலிருந்து இன்னும் வேகமான எஸ்.எஸ்.டி.க்குப் போனால், நம் கண்ணுக்கு வித்தியாசம் தெரியவே தெரியாது.

பிராசஸர் விஷயம் அதை விட மோசம். ஒரு காலத்தில் லேப்டாப்பிலும் பிராசஸரைச் சாக்கெட்டில் இருந்து கழற்றலாம். இன்டெல் 2013இல் கொண்டுவந்த நான்காம் தலைமுறையோடு அது முடிந்தது. ஐந்தாம் தலைமுறையிலிருந்து லேப்டாப் பிராசஸர்கள் எல்லாம் போர்டோடு சால்டர்தான். இந்தப் போக்குக்கு எதிராக 2019இல் டெல் நிறுவனம் தன் ஏலியன்வேர் ஏரியா-51எம் என்ற விளையாட்டு லேப்டாப்பில் டெஸ்க்டாப் பிராசஸரையே கழற்றி மாட்டும்படி வைத்து, அப்கிரேடு செய்யலாம் என்று விளம்பரம் செய்தது. அடுத்த வருஷமே இன்டெல் தன் டெஸ்க்டாப் சாக்கெட்டை மாற்றிவிட்டது. புதுத் தலைமுறை பிராசஸர் பழைய சாக்கெட்டில் உட்காராது. இதற்காக 2021இல் கலிபோர்னியாவில் வழக்கே போடப்பட்டது. கழற்ற முடியும் என்பது வேறு, கழற்றின இடத்தில் வைக்க நாளைக்கு ஏதாவது கிடைக்கும் என்பது வேறு.

இன்னொன்று. 16 ஜி.பி. ரேம், எஸ்.எஸ்.டி. எல்லாம் ஏற்றிய பழைய லேப்டாப் வைத்திருக்கிறவர்களுக்கு 2021 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11 ஒரு அதிர்ச்சி கொடுத்தது. இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேல், கூடவே டி.பி.எம். 2.0 வேண்டும் என்றது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நின்றது. ரேம் ஸ்லாட்டில் எவ்வளவு ஏற்றினாலும் இதற்கு மருந்து கிடையாது. லினக்ஸ் போடலாம். நம் துறையில் இருப்பவர்கள் போடத்தான் வேண்டும் என்பேன். ஆனால் எல்லோரும் போட மாட்டார்கள்.

கம்பெனிக்காரன் ரேமைச் சால்டர் செய்வது வெறும் பேராசையா? நானும் அப்படித்தான் திட்டிக்கொண்டிருந்தேன். டிரான்ஸ்மிஷன் லைன் பாடம் படித்த பிறகு கொஞ்சம் வாய் அடங்கியது. ஸ்லாட்டில் செருகும் டி.டி.ஆர். 5 ரேமில் 262 பின்கள். ஒவ்வொரு பின்னும் ஒரு இணைப்பு, ஒரு சின்ன மேடு பள்ளம். விநாடிக்கு 560 கோடி முறை சிக்னல் போய்வரும்போது அந்த மேடு பள்ளமே எதிரொலி கிளப்பும். கம்பி நீளம் கூடினாலும் அதே தொல்லை. பக்கத்திலேயே ஒட்டி சால்டர் செய்த எல்.பி.டி.டி.ஆர். ரேமில் இந்த வேகம் 850 கோடிக்கு மேல் போகிறது. மின்சாரமும் குறைவாகக் குடிக்கிறது. பேட்டரி கூடுதல் நேரம் நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இதற்கு ஒரு வேடிக்கையான சாட்சி உண்டு. அமெரிக்காவில் ஃபிரேம்வொர்க் என்று ஒரு கம்பெனி. எல்லாப் பாகத்தையும் வாங்கியவரே கழற்றி மாற்றலாம் என்பதே அவர்கள் கொள்கை. 2021இல் முதல் லேப்டாப்பை விற்றார்கள். பெட்டிக்குள்ளேயே ஸ்குரூ டிரைவர் வைத்துக் கொடுத்தார்கள். அடுத்த வருஷமே பழைய உடம்பிலேயே புது மதர்போர்டை மட்டும் வாங்கிப் பொருத்திக்கொள்ளவும் வழி செய்தார்கள். சார்ஜர் செருகும் துளைகூட ஒரு சின்னக் கார்டு. தேய்ந்தால் பிடுங்கிவிட்டு வேறு செருகலாம். (என் 17,800 ரூபாயை நினைத்துப் பெருமூச்சு விட்டேன்!) அப்படிப்பட்ட கம்பெனியே 2025இல் அறிவித்த மேஜைக் கம்ப்யூட்டரில் ரேமைச் சால்டர் செய்துதான் கொடுத்தது. ஏ.எம்.டி. பொறியாளர்களோடு சேர்ந்து பார்த்தும், அந்தப் பிராசஸருக்குத் தேவையான வேகத்தில் கழற்றும் ரேமை வைத்தால் சிக்னல் சரியாக நிற்கவில்லை என்றார்கள். ஸ்குரூ போட்டு இறுக்கும் புது வகை ரேம் ஒன்றுக்கு 2023 டிசம்பரில் தரநிலை வந்திருக்கிறது. 2024இல் ஒரு சில விலை உயர்ந்த லேப்டாப்புகளில் வரவும் செய்தது. நம் பட்ஜெட்டுக்கு வரும்போது பார்ப்போம்.

ஆகவே ரேமை ஒட்டினால் நான் மன்னிப்பேன். ஆனால் எஸ்.எஸ்.டி.யை ஒட்டினால் மன்னிக்க மாட்டேன். பேட்டரியைப் பசை போட்டு ஒட்டினாலும் மாட்டேன். அங்கே சிக்னல் காரணம் ஒன்றும் கிடையாது.

எஸ்.எஸ்.டி. பற்றி ஏன் இவ்வளவு கோபம் என்றால், எங்கள் பேட்ச்சில் நடந்தது ஒன்று. அறைத்தோழன் ஒருவன் வைத்திருந்தது மலிவான குட்டி லேப்டாப். 64 ஜி.பி. இ.எம்.எம்.சி. என்று போட்டிருந்தார்கள். அதாவது சேமிக்கும் சிப் போர்டிலேயே சால்டர். புராஜெக்ட் சமர்ப்பிக்க ஒன்பது நாள் இருக்கும்போது போர்டு செத்துவிட்டது. மூன்று பேர் நான்கு மாதம் எழுதிய புரோகிராம், சர்க்யூட் படம், ரிப்போர்ட் எல்லாம் அதற்குள். “போர்டு மாத்தித் தரலாம். டேட்டா வராது” என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம் உள்ள சாதாரண எம். 2 எஸ்.எஸ்.டி.யாக இருந்திருந்தால்? ஒரு ஸ்குரூ. கழற்றி, ஒரு யு.எஸ்.பி. கூட்டுக்குள் போட்டு, என் மிஷினில் செருகிப் பத்து நிமிஷத்தில் எடுத்திருக்கலாம். விண்டோஸ் தானாகவே டிஸ்க்கைப் பூட்டி வைத்திருந்தால் அதற்கான ரெகவரி கீயும் வேண்டும். அதை இப்போதே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்த மூவரும் ஒன்பது ராத்திரி தூங்காமல் மறுபடி எழுதினார்கள். ‘பேக்கப் எடுக்காதது அவங்க தப்பு’ என்று வைவாவில் கேட்டபோது ஒருவன் கண் கலங்கியதைப் பார்த்தவன் நான்.

பேட்டரிக்கு வருவோம். 2012இல் வந்த ரெட்டினா மேக்புக் புரோவில் பேட்டரியை உடம்போடு பசை போட்டு ஒட்டியிருந்தார்கள், ரேமும் சால்டர். ஐ-ஃபிக்ஸிட் என்ற ரிப்பேர் அமைப்பு அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு, தாங்கள் பிரித்ததிலேயே ரிப்பேருக்கு மிக மோசமான லேப்டாப் என்று பத்துக்கு ஒரு மார்க் போட்டது. நம் வைவா எக்ஸ்டெர்னல் கூட இவ்வளவு கஞ்சத்தனமாகப் போட மாட்டார்! பேட்டரி உப்பினால் டச் பேடு மேலெழும்பும், மூடி சரியாக மூடாது. அப்படிக் கண்டால் சார்ஜ் போடுவதை நிறுத்திவிட்டுக் கடைக்குக் கொண்டுபோங்கள். ஒட்டியிருக்கிற பேட்டரியை ஸ்குரூ டிரைவரால் நெம்பினால் உறை கிழிந்து தீப்பிடிக்கும். ஸ்குரூ போட்ட பேட்டரியில் இந்த வம்பே இல்லை. ஐரோப்பிய யூனியன் 2023இல் போட்ட பேட்டரிச் சட்டம், பொருளை உபயோகிப்பவரே பேட்டரியைக் கழற்றி மாற்றும்படி இருக்க வேண்டும் என்று 2027 பிப்ரவரி 18க்குத் தேதி குறித்திருக்கிறது. பிரான்சில் 2021 முதலே லேப்டாப் விற்கும்போது ‘ரிப்பேர் மார்க்’ பத்துக்கு இத்தனை என்று காட்ட வேண்டும் என்று சட்டம் வந்தது. அந்த மார்க் போடும்போது உதிரிபாகம் எத்தனை வருஷம் கிடைக்கும், என்ன விலைக்குக் கிடைக்கும் என்பதையும் பார்க்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். நம் நாட்டிலும் 2022 ஜூலையில் நுகர்வோர் விவகாரத் துறை ரிப்பேர் உரிமைக்காக ஒரு குழு போட்டது. அதே வருஷ டிசம்பரில் ஒரு இணையதளமும் திறந்தார்கள்.

‘உபயோகிப்பவரே மாற்றலாம்’ என்று வெளிநாட்டுக்காரர்கள் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வரும். அங்கே ரிப்பேர் கூலி அதிகம், அதனால் தானே ஸ்குரூ டிரைவர் எடுக்கிறான். இங்கே என் அம்மா எதற்கு லேப்டாப்பைப் பிரிக்க வேண்டும்? பஸ் ஸ்டாண்டு அண்ணன் இருக்கிறார். சென்னை என்றால் ரிச்சி தெரு இருக்கிறது. நமக்கு வேண்டியது நாமே மாற்றும் வசதி இல்லை. அந்த அண்ணனால் மாற்ற முடிகிற வசதி. அவரிடமே கேட்டேன். “ஸ்குரூ இருந்தா போதும் தம்பி. பார்ட்டு கெடைக்கணும். கெடைச்சா பிரிச்சுருவேன். பாதி மாடலுக்குப் பார்ட்டே வர்றதில்ல. செத்த போர்டுலருந்து எடுத்துத்தான் வெக்கிறேன்” என்றார். ஓரளவு பெயர் பெற்ற, நிறைய விற்ற மாடலை வாங்கினால் உதிரிபாகம் கிடைக்கும் என்பதும் அவர் சொன்னதுதான். லெனோவா, டெல், எச்.பி. போன்றவர்கள் தங்கள் பல மாடல்களுக்கு எந்த ஸ்குரூவை எந்த வரிசையில் கழற்ற வேண்டும் என்ற புத்தகத்தையே இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறார்கள். வாங்கும் முன் அதைப் பத்து நிமிஷம் புரட்டினால், சார்ஜிங் ஜாக் தனி ஒயரில் வருகிறதா, போர்டிலேயே ஒட்டியிருக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

எல்லோருக்கும் இந்தக் கவலை தேவையா என்றால், இல்லை. என் மாமா பையன் ஐ.டி. கம்பெனியில் இருக்கிறான். மூன்று வருஷத்துக்கு ஒரு முறை கம்பெனியே புது லேப்டாப் கொடுத்துவிடும். அவனுக்குப் பசை போட்டால் என்ன, வெல்டிங் வைத்தால் என்ன! ஆரம்பத்திலேயே தேவையான அளவு ரேமோடு வாங்க வசதி உள்ளவருக்கும் ஸ்லாட் தேவையில்லை. ‘இப்ப 8 வாங்குவோம், விலை குறைஞ்சதும் ஏத்திக்கலாம்’ என்று கணக்குப் போடுகிறவர்களுக்குத்தான் ஸ்லாட் அவசியம். அந்தக் கணக்கும் எப்போதும் பலிப்பதில்லை. 2025 கடைசியில் ஏ.ஐ. கம்ப்யூட்டர்களுக்காகப் பெரிய கம்பெனிகள் மெமரியை அள்ளிக்கொண்டு போக, ரேம் விலை குறைவதற்குப் பதில் கிடுகிடுவென்று ஏறியது. காலி ஸ்லாட்டோடு காத்திருந்தவர்களில் நானும் ஒருவன்.

போன மாதம் முதலாமாண்டுத் தம்பி ஒருவனுக்கு லேப்டாப் வாங்க அவனோடும் அவன் அப்பாவோடும் கடைக்குப் போயிருந்தேன். அவர் டீக்கடை வைத்திருப்பவர். தம்பி வழக்கம்போல “இதுல ரேம் ஏத்திக்கலாமா?” என்று கேட்க, கடைப்பையன் பாடமாக ஒப்பித்தான். நான் குறுக்கே புகுந்து, “இந்த மாடலுக்கு ஒரிஜினல் பேட்டரி என்ன விலை? ஜாக் போனா என்ன செய்வீங்க?” என்றேன். பையன் முழித்தான். இதுவரை யாரும் கேட்டதில்லையாம். போனை எடுத்துக்கொண்டு உள்ளே போனவன் கால் மணி நேரம் கழித்து வந்து, “பேட்டரி நாலாயிரத்துச் சொச்சம் சார், பத்து நாள் ஆகும். ஜாக் தனி போர்டு, தொள்ளாயிரம்” என்றான். தம்பியின் அப்பா சட்டைப் பையிலிருந்து பால் கணக்கு நோட்டை எடுத்து, இரண்டையும் அதன் பின்னட்டையில் எழுதிக்கொண்டார். பிறகு பக்கத்தில் இருந்த இன்னொரு மாடலைக் காட்டி, “அதுக்கும் கேட்டுச் சொல்லு தம்பி” என்றார்.